500 ஜிபி வேகமா, 1 டிபி இடமா?

கேள்வி: அண்ணா, எனக்குக் கேரள எல்லையோரம் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை. கோவையில் பி.எஸ்சி. இரண்டாம் வருஷம் படிக்கிறேன். வீட்டில் ரைசன் 5 5600ஜி, பி450 மதர்போர்டு, 8 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக், பழைய 1 டிபி ஹார்ட் டிஸ்க் போட்ட கம்ப்யூட்டர் இருக்கிறது. கிராஃபிக்ஸ் கார்டு இப்போது இல்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றிருக்கிறேன். வாலரண்ட், ஜிடிஏ 5 ஆடுகிறேன். ரெட் டெட் 2 ஆட ஆசை. விண்டோஸ் திறக்கவே மூன்று நிமிஷம் ஆகிறது. எஸ்எஸ்டி வாங்கலாம் என்று காந்திபுரத்தில் ஒரு கடைக்குப் போனேன். "கேமிங்குக்கு ஜென் 4 தான்" என்று 7,000 எம்பி வேகமுள்ள 500 ஜிபி ஒன்றைக் காட்டினார்கள். ஏறக்குறைய அதே விலைக்குச் சாதாரண ஜென் 3-ல் 1 டிபியும் இருந்தது. பாலக்காட்டில் கேட்டால் சாட்டாவே போதும் என்கிறார்கள். ஆன்லைனில் 2 டிபியே ஆயிரத்துச் சொச்சத்துக்கு வருகிறது. அப்பா ஒரு தடவைதான் பணம் தருவார். எதை வாங்க?

பதில்: தம்பி, அந்த 1 டிபியை வாங்குங்கள். ஆன்லைன் 2 டிபியைத் தொடவே வேண்டாம். காரணம் தெரிந்தால்தான் கடையில் நின்று பேச முடியும், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் மெஷின். ஜென் 3, ஜென் 4 என்பது டிரைவும் மதர்போர்டும் பேசிக்கொள்ளும் பிசிஐஇ என்ற பாதையின் தலைமுறை. நொடிக்கு 7,000 எம்பி என்ற எண் பொய்யில்லை. ஜென் 4 ஸ்லாட்டில் நல்ல டிரைவ் நொடிக்கு அவ்வளவு படிக்கும். ஆனால் உங்கள் பெட்டியில் அது நடக்காது. குச்சி வடிவ எஸ்எஸ்டியைச் செருகும் இடத்துக்கு எம்.2 ஸ்லாட் என்று பெயர், பி450 போர்டில் அது ஜென் 3 மட்டும்தான். "போர்டை பி550-க்கு மாற்றிக்கலாம்" என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள். 5600ஜி ப்ராசசரே ஜென் 3-ஓடு நின்றுவிடும். 5000 வரிசை என்றாலே ஜென் 4 என்று கடைக்காரர்களில் பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். கடைசியில் 'ஜி' இல்லாத 5600 ஜென் 4 பேசும், 'ஜி' போட்டது பேசாது. ஜென் 3-ல் நொடிக்கு 3,500 எம்பி பக்கம்தான் உச்சம். அந்த ஜென் 4 டிரைவை மாட்டினால் ஒன்றும் கெட்டுவிடாது, ஒழுங்காக ஓடும். ஆனால் 7,000-க்குக் காசு கொடுத்துவிட்டு 3,500-ஐ வீட்டுக்குக் கொண்டுவந்திருப்பீர்கள்.

சரி, அந்த 3,500-ஆவது கேமுக்கு வேண்டுமா என்றால், பெரும்பாலும் அதுவும் வேண்டியதில்லை.

உங்கள் ஹார்ட் டிஸ்க் ஏன் இழுக்கிறது என்று பாருங்கள். ஒரே பெரிய ஃபைலை வரிசையாகப் படிக்கச் சொன்னால் அதுவும் நொடிக்கு 150 எம்பி வரை படித்துவிடும். விண்டோஸ் திறக்கும்போது படிப்பதெல்லாம் ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டி ஃபைல்கள், தட்டில் ஆளுக்கொரு மூலையில் கிடப்பவை. ஒவ்வொன்றுக்கும் படிக்கும் முனை நகர்ந்து போய், தட்டு சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். அதனால் நொடிக்கு நூறு தடவைக்குப் பக்கத்தில்தான் அதனால் இடம் மாறிப் படிக்க முடியும். எஸ்எஸ்டியில் நகரும் பாகமே இல்லை. மிகச் சாதாரண எஸ்எஸ்டிகூட இதே வேலையை நொடிக்குப் பல ஆயிரம் தடவை செய்யும். உங்கள் மூன்று நிமிஷம் அரை நிமிஷத்துக்குள் வந்துவிடும். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ஏதோ ஒரு எஸ்எஸ்டிக்குப் போவதுதான் பெரிய தாவல். ஒரு எஸ்எஸ்டிக்கும் அதைவிட வேகமான இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசம், கேம் லோடாகும்போது சில நொடிகள்தான்.

டிரைவிலிருந்து வந்த டேட்டாவை விரித்து, பிரித்து, அடுக்கும் வேலை ப்ராசசருடையது. பெரும்பாலான கேம்களில் காத்திருப்பது அங்கேதான். நீங்கள் ஆடும் ஜிடிஏவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜிடிஏ ஆன்லைன் லோடாகப் பல நிமிஷம் ஆகிறது என்று உலகம் முழுக்கப் புலம்பினார்கள், வேகமான டிரைவ் போட்டவர்களும் புலம்பினார்கள். 2021 பிப்ரவரியில் ஒரு புரோகிராமர் உட்கார்ந்து தோண்டிப் பார்த்ததில், 10 எம்பி அளவுள்ள ஒரே ஒரு பட்டியல் ஃபைலை அந்த கேம் மகா மோசமான முறையில் அலசிக்கொண்டிருந்தது தெரிந்தது. அவர் அதைத் திருத்தியதும் ஆறு நிமிஷம் இரண்டு நிமிஷத்துக்குள் வந்தது. கேம் கம்பெனியும் அடுத்த மாதமே அதை ஏற்றுத் திருத்தம் வெளியிட்டது. எந்த ஜென் டிரைவ் போட்டிருந்தாலும் அந்த நான்கு நிமிஷம் குறைந்திருக்காது.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எஸ்எஸ்டி போட்டால் எஃப்பிஎஸ், அதாவது திரையில் நொடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கை, ஏறாது. பெரிய திறந்தவெளி கேம்களில் புதுப் பகுதிக்குள் போகும்போது வரும் திக்கல் குறையும், சுவர்களின் படம் மங்கலாக வந்து மெல்லத் தெளிவது நிற்கும், அவ்வளவுதான். அதுவே பெரிய நிம்மதி. ஆனால் 40 எஃப்பிஎஸ் 60 ஆகும் என்று யாராவது சொல்லி விற்றால் நம்பாதீர்கள்.

அப்படியானால் சாட்டா போதும் என்ற பாலக்காட்டுக் கடைக்காரர் சொன்னது சரிதானா? தப்பில்லை. சாட்டா என்பது ஹார்ட் டிஸ்க் மாட்டும் அதே பழைய இணைப்பு வகை. சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு 550 எம்பி வரை போகும், உங்கள் தேவைக்கு ஓடும். பழைய நாலாம் தலைமுறை இன்டெல் போர்டு வைத்திருக்கிற ஒருவர் கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன், அந்த போர்டுகளில் பெரும்பாலும் எம்.2 ஸ்லாட்டே இருக்காது. உங்கள் போர்டில் ஸ்லாட் இருக்கிறது, விலையும் பெரிதாக வித்தியாசப்படாது. அதோடு விலை குறைந்த டிரைவ்களில் டிராம் என்ற தனி மெமரி சிப் இருக்காது. எந்த டேட்டா எங்கே கிடக்கிறது என்ற அட்டவணையை வைத்துக்கொள்ளும் சிப் அது. என்விஎம்இ டிரைவ், அதாவது நீங்கள் பார்த்த ஜென் 3, ஜென் 4 வகை, அது இல்லாவிட்டால் உங்கள் ரேமில் சில பத்து எம்பியை இரவல் வாங்கிச் சமாளித்துக்கொள்ளும், 2017-ல் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டிலிருந்தே இந்த வசதி இருக்கிறது. சாட்டாவுக்கு அந்த வழி கிடையாது. அதனால் விலை குறைந்த என்விஎம்இக்கும் விலை குறைந்த சாட்டாவுக்கும் நடுவில் நிற்கும்போது என்விஎம்இயை எடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. எம்.2 என்பது வடிவம் மட்டும்தான். அதே குச்சி வடிவத்தில் சாட்டா டிரைவும் வருகிறது. பெட்டியில் என்விஎம்இ என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். நீளம் 2280, அதாவது 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். உங்கள் போர்டுக்கு அது சரியாக உட்காரும்.

இப்போது இடம். நான் 1 டிபியைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கு முக்கியக் காரணமே இதுதான்.

500 ஜிபி என்று வாங்குவதை விண்டோஸ் 465 என்றுதான் காட்டும். கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1,024-ஆக எண்ணுகிறது, யாரும் திருடவில்லை. விண்டோஸும் அதன் அப்டேட்களும் காலேஜ் சாஃப்ட்வேர்களும் சேர்ந்து 60, 70 ஜிபியை எடுத்துக்கொள்ளும். ரெட் டெட் 2 கேட்பது 150 ஜிபி. ஜிடிஏ 5 நூறைத் தாண்டும். வாலரண்ட் சில பத்து. இத்தனையும் போட்டால் மிச்சம் நூறு, நூற்றிருபது. அடுத்து சைபர்பங்க் போட நினைத்தால் அதற்கு 70 வேண்டும். 2023 செப்டம்பரில் வந்த 2.0 அப்டேட்டுக்குப் பிறகு அது எஸ்எஸ்டி கட்டாயம் என்று அறிவித்துவிட்டது. அதே வருஷம் வந்த ஸ்டார்ஃபீல்டுக்கு 125 ஜிபி, அதுவும் எஸ்எஸ்டியிலேயே வேண்டும். ஹார்ட் டிஸ்க்கில் வைத்து ஆடிக்கொள்ளலாம் என்கிற காலம் போய்க்கொண்டிருக்கிறது.

டிரைவை நுனிவரை நிரப்பவும் கூடாது. இப்போதைய எஸ்எஸ்டிகளில் பெரும்பாலானவை டிஎல்சி அல்லது க்யூஎல்சி வகை. ஒரு செல்லில் மூன்று பிட் வைத்தால் டிஎல்சி, நான்கு வைத்தால் க்யூஎல்சி. நான்கு பிட் என்றால் ஒரே செல்லில் 16 வெவ்வேறு மின்னழுத்த நிலைகளைப் பிரித்து எழுத வேண்டும், அதனால் எழுதும் வேகம் குறைவு. இதை மறைக்க டிரைவ் ஒரு வேலை செய்கிறது. காலியாக இருக்கும் இடத்தில் செல்லுக்கு ஒரே பிட் வீதம் வேகமாக எழுதிக்கொள்கிறது. தேங்காய் லோடு வந்ததும் முதலில் களத்தில் கொட்டிவிட்டு, அப்புறம் ஆற அமரக் கொட்டகைக்குள் அடுக்குவது மாதிரி. டிரைவ் நிறைய நிறையக் களம் சுருங்கும். அது நிறைந்த பிறகு க்யூஎல்சி டிரைவ் எழுதும் வேகம் உங்கள் பழைய ஹார்ட் டிஸ்க் அளவுக்கே, சில மாடல்களில் அதற்கும் கீழே இறங்கிவிடும். ரெட் டெட் மாதிரி ஒரு கேமை டவுன்லோட் செய்து விரிக்கும்போது இது தெரியும். 15 சதவீதமாவது காலியாக விடுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். 500 ஜிபியில் அந்த 15 சதவீதத்தை விட்டுவிட்டுப் பார்த்தால் இன்னொரு பெரிய கேமுக்கு இடம் தேறாது.

1 டிபியிலும் டிஎல்சியா க்யூஎல்சியா என்று பார்த்து வாங்க வேண்டும். பெட்டியில் பெரும்பாலும் போட்டிருக்க மாட்டார்கள். அதற்குச் சுருக்கமான வழி, டிபிடபிள்யூ என்ற எண். மொத்தம் எத்தனை டெராபைட் எழுதும்வரை வாரண்டி என்று கம்பெனியே சொல்வது. டபிள்யூடி ப்ளூ எஸ்என்570, எஸ்என்580 இரண்டிலும் 1 டிபிக்கு 600. இவை டிஎல்சி. க்ரூஷியல் பி3 1 டிபிக்கு 220. அது க்யூஎல்சி. கிங்ஸ்டன் என்வி2 320, அதில் உள்ளே என்ன சிப் என்று கம்பெனி உறுதி சொல்வதில்லை, ஒரே பெயரில் வேறு வேறு சிப்போடு வந்திருக்கிறது. மாடல்கள் மாறிக்கொண்டே இருக்கும், எண்ணைப் பார்க்கும் பழக்கம் இருந்தால் போதும். 1 டிபிக்கு 600 பக்கம் இருந்தால் தைரியமாக எடுங்கள். எஸ்என்580 ஜென் 4 டிரைவ்தான், அது 1 டிபியில் நல்ல விலைக்கு வந்தால் வாங்கலாம், உங்கள் போர்டில் ஜென் 3 வேகத்தில் ஓடும்.

இந்த எண்ணைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். 220-ஏ இருந்தாலும், தினமும் 40 ஜிபி எழுதினால் தீர 15 வருஷம் ஆகும். நீங்கள் அவ்வளவு எழுதவும் மாட்டீர்கள். கேம் ஆடுவது முக்கால்வாசி படிக்கிற வேலை, படிப்பதால் டிரைவ் தேயாது. பட்ஜெட் இடித்தால் க்யூஎல்சி 1 டிபிகூட டிஎல்சி 500 ஜிபியைவிட உங்களுக்கு மேல்.

அந்த ஆன்லைன் 2 டிபி. அப்படி ஒன்று என் மேஜைக்கு வந்தது. பளபளவென்று அலுமினிய உறை, விண்டோஸில் 2 டிபி என்றே காட்டியது. பிரித்தால் உள்ளே கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு போர்டு, அதில் ஃபோனில் போடும் மெமரி கார்டு ஒன்றைப் பசை வைத்து ஒட்டியிருந்தார்கள். கொள்ளளவைப் பொய்யாகச் சொல்லும்படி அதன் சாஃப்ட்வேரை மாற்றியிருப்பார்கள். நிஜமான இடம் தீர்ந்ததும் புது ஃபைல் பழையதன் மேலேயே எழுதப்படும். ஃபைல் பெயர் இருக்கும், திறந்தால் ஒன்றும் இருக்காது. அதைக் கொண்டுவந்தவர் குழந்தையின் போட்டோக்களை அதில் மட்டும்தான் வைத்திருந்தார். சந்தேகமான எதையும் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச புரோகிராமால் முழுக்க எழுதிப் படித்துப் பாருங்கள், பொய் வெளியே வந்துவிடும்.

கடையில் வாங்கினால் சீரியல் எண் போட்ட ஜிஎஸ்டி பில் கேளுங்கள். வரி கேரளாவிலும் தமிழ்நாட்டிலும் ஒன்றேதான், 18 சதவீதம். "பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன்" என்பதற்கு மயங்கினால் வாரண்டிக்குப் போய் நிற்க முடியாது. வேலந்தாவளம் எல்லை தாண்டிக் கோவைப் பக்கம் வாங்கினாலும் பாலக்காட்டுச் சித்தூரிலேயே வாங்கினாலும் கம்பெனி வாரண்டி ஒன்றுதான். எந்தச் சர்வீஸ் சென்டர் பக்கம் என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். நம் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு: ஓணத்துக்கு இந்தப் பக்கம் ஆஃபர், தீபாவளிக்கு அந்தப் பக்கம். இரண்டையும் பார்த்துவிட்டு வாங்கலாம். வாங்கியதும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போட்டுப் பாருங்கள். ஓடிய மணி நேரம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். நூற்றுக்கணக்கில் இருந்தால் அது யாரோ பயன்படுத்தியது, அன்றே திருப்பிக் கொடுங்கள்.

நம் ஊருக்கென்று இரண்டு விஷயம் இருக்கிறது. மார்ச், ஏப்ரலில் இங்கே 40 டிகிரியைத் தொடும். எஸ்எஸ்டி சூடானால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வேகமான ஜென் 4 டிரைவ்கள் சூடாவது அதிகம், ஜென் 3 டிரைவ்கள் சாதுவானவை. நாளைக்கு கிராஃபிக்ஸ் கார்டு வந்தால் பல போர்டுகளில் அது எம்.2 ஸ்லாட்டுக்கு மேலேயே உட்காரும். பெட்டியின் முன்பக்கம் ஒரு ஃபேன் போட்டு, சுவரிலிருந்து தள்ளி வைத்தாலே போதும். ஹீட்சிங்க்குக்குத் தனியாகச் செலவு செய்யாதீர்கள்.

இரண்டாவது, கரண்ட். ஆடிக் காற்றில் தென்னை மட்டை லைனில் விழுந்து எப்போது போகும் என்று சொல்ல முடியாது. எழுதிக்கொண்டிருக்கும்போது சட்டென்று கரண்ட் போனால், வீட்டு உபயோக எஸ்எஸ்டிகளில் அந்த நேரத்து டேட்டா கெட வாய்ப்பு உண்டு. சர்வர்களுக்கான டிரைவ்களில் அதற்கென்று கெப்பாசிட்டர்கள் வைத்திருப்பார்கள், இவற்றில் இருக்காது. 600 விஏ யூபிஎஸ் ஒன்று இருந்தால் ஒழுங்காக ஷட்டவுன் செய்ய நேரம் கிடைக்கும். உங்கள் மெஷின் அதற்குத் தாராளமாக அடங்கும்.

மாட்டுவது எளிது, நீங்களே செய்யலாம். போர்டில் இரண்டு எம்.2 ஸ்லாட் இருந்தால் ப்ராசசருக்குப் பக்கத்தில் இருப்பதில் போடுங்கள், பி450 போர்டுகளில் இரண்டாவது பெரும்பாலும் மெதுவானது. டிரைவைச் சாய்வாகச் செருகினால் மேல்நோக்கித் தூக்கிக்கொண்டு நிற்கும், பயப்பட வேண்டாம், அப்படித்தான் நிற்க வேண்டும். மெல்ல அழுத்திப் படுக்கவைத்துக் கடைசியில் ஒரு ஸ்க்ரூ. அந்த ஸ்க்ரூ அரிசி அளவுகூட இருக்காது, மதர்போர்டு வந்த பெட்டியில் சின்னப் பையில் இருந்திருக்கும். கடைக்குக் கிளம்பும் முன்னால் அதைத் தேடி வையுங்கள். கிடைக்காவிட்டால் டிரைவ் வாங்கும்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். டேப் போட்டு ஒட்டாதீர்கள்.

விண்டோஸைப் பழைய டிஸ்க்கிலிருந்து அப்படியே காப்பி எடுக்காமல் புதிதாகவே போடுங்கள். போடும்போது ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பூட் ஃபைல்கள் பழைய டிஸ்க்கிலேயே போய் உட்கார்ந்துகொள்ளும், பிறகு அதைக் கழற்றிய அன்று கம்ப்யூட்டர் திறக்காது. விண்டோஸ் ஏறியதும் கேபிளைத் திரும்ப மாட்டலாம். ஆடாத கேம்கள், சினிமா, வீட்டுப் போட்டோ எல்லாம் ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கட்டும். ஆடுகிற கேமை மட்டும் எஸ்எஸ்டிக்குக் கொண்டு வாருங்கள், ஸ்டீமில் ஒரு கேமை டிரைவ் மாற்ற வசதியே இருக்கிறது. போட்டோக்களுக்கு இன்னொரு பிரதி வேறெங்காவது இருக்கட்டும், அந்த ஹார்ட் டிஸ்க்கும் பழசுதானே.

கையில் கொஞ்சம் மிஞ்சினால் அது ரேமுக்குப் போகட்டும். உங்கள் எஃப்பிஎஸ் நிஜமாகவே அங்கேதான் மாட்டிக்கொண்டிருக்கிறது. 5600ஜிக்கு உள்ளே இருக்கும் கிராஃபிக்ஸுக்குத் தனி மெமரி இல்லை, உங்கள் ரேமைத்தான் தின்னும். டிடிஆர்4 3200 ஒரே ஸ்டிக் என்றால் நொடிக்கு 25.6 ஜிபி, இரண்டு போட்டால் 51.2. இன்னொரு 8 ஜிபி ஸ்டிக் அதே வேகத்தில் வாங்கி, மதர்போர்டு புத்தகத்தில் காட்டியிருக்கும் ஸ்லாட்டில் போடுங்கள். வாலரண்டில் அன்றைக்கே வித்தியாசம் தெரியும்.

அடுத்த வருஷம் கிராஃபிக்ஸ் கார்டு வாங்கும்போது இந்த ஜென் 3 விஷயம் திரும்பவும் வரும், அங்கே அது நன்றாகவே உறைக்கும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மாதிரிக் கார்டுகள் அந்தப் பாதையின் நான்கு லேனில் (தடத்தில்) மட்டும் பேசுபவை, ஜென் 4-ஐ நம்பிச் செய்தவை. ஜென் 3-ல் போட்டால் பாதை பாதியாகிவிடும், 4 ஜிபி மெமரி நிறைந்ததும் கேம் திணறும். செகண்ட் ஹேண்டில் ஆர்எக்ஸ் 6600 அல்லது ஜிடிஎக்ஸ் 1650 கிடைத்தால் உங்கள் போர்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. உங்கள் எஸ்எம்பிஎஸ் (பெட்டிக்குக் கரண்ட் தரும் பவர் சப்ளை) எத்தனை வாட், அதில் கார்டுக்கான பவர் கேபிள் இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள், அதை வைத்து எந்தக் கார்டு என்று சொல்கிறேன்.